ஃபர் ஜாக்கெட்டை வீட்டிலேயே தைக்கலாம்

ஃபர் ஜாக்கெட் என்றதும் பலர் தையலை நினைத்துப் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டிய இடம் அது இல்லை. செயற்கை ஃபரில் தையல் கொஞ்சம் கோணலாகப் போனாலும் மேலே இருக்கும் முடி மூடிவிடும். மூடாத ஒன்று தடிமன். இரண்டு மடிப்பு சேரும் இடத்தில் முடி, அடித்துணி, முடி, அடித்துணி என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் தோள் பட்டையில் தலையணை வைத்தாற்போல் நிற்கும். கீழே நான் சொல்லப்போவதில் முக்கால்வாசி, அந்தத் தடிமனை எந்தெந்த இடத்தில் எப்படிக் குறைப்பது என்பதுதான்.

நான் இருப்பது டொராண்டோ பக்கம், ஸ்கார்பரோவில். ஜனவரியில் மைனஸ் 15 எல்லாம் இங்கே சாதாரணம். ஊரில் ரவிக்கை தைத்துப் பழகிய கை. ரவிக்கையில் கால் இன்ச் கூடினால் சுருக்கம், குறைந்தால் மூச்சு முட்டும். இங்கே அந்தக் கணக்கை மறந்துவிட வேண்டும். மகளுக்காகத் தைத்த இடுப்புக்குக் கீழே இறங்கும் காப்பிக்கொட்டை நிற ஜாக்கெட்டை வைத்துச் சொல்கிறேன். அவள் கேட்டது பால் வெள்ளை. பஸ்ஸில் போகிற பெண்ணுக்கு டிசம்பர் சேற்றில் பால் வெள்ளை எதற்கு?

முதலில் பேட்டர்ன், அதாவது துணியை வெட்டுவதற்காக உறையில் போட்டு விற்கும் தாள் மாதிரி. உறையின் மேல் இருக்கும் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பின்பக்கம் இருக்கும் கோட்டுப் படத்தைப் பாருங்கள். அதில் எவ்வளவு கோடுகள் குறைவோ அவ்வளவு நல்லது. முன்பக்கம் இரண்டு துண்டு, முதுகு ஒரு துண்டு, கை ஒரு துண்டு, காலர் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. அவ்வளவு போதும். டாட்ஸ், சுருக்கு, இரட்டை வரிசைப் பட்டன், மேலே ஒட்டுத்தைக்கும் பாக்கெட் இதெல்லாம் இருந்தால் அப்படியே திரும்ப வைத்துவிடுங்கள். தோள் இறங்கிய கை அல்லது கழுத்திலிருந்தே ஆரம்பிக்கும் ராக்லன் கை எடுப்பது நல்லது. தோளில் ஏற்றி வைக்கும் கை என்றால், மேல் வளைவில் கூடுதலாக விட்டிருக்கும் துணியைக் கைக்குழிக்குள் அமுக்க வேண்டிவரும், ஃபர் அமுங்காது.

அளவு விஷயத்தில், கடையில் வாங்கும் ரெடிமேட் சைஸ் எண்ணையும் பேட்டர்ன் சைஸ் எண்ணையும் ஒன்றென்று நினைக்காதீர்கள். சிம்ப்ளிசிட்டி, மெக்கால்ஸ், பட்டரிக் போன்ற அமெரிக்கப் பேட்டர்ன்களில் சைஸ் எண் நாம் கடையில் எடுப்பதைவிட ஒன்றிரண்டு படி பெரிதாகவே வரும். மார்பளவை இன்ச் டேப்பால் எடுத்து, உறையில் இருக்கும் அட்டவணையோடு ஒத்துப் பாருங்கள். அதைவிட முக்கியம், தைத்து முடித்த பிறகு ஜாக்கெட் எவ்வளவு சுற்றளவு வரும் என்ற எண். பேட்டர்ன் தாளிலேயே மார்பு வரும் இடத்தில் பெரும்பாலும் அச்சடித்திருப்பார்கள். உடம்பு 36 இன்ச் என்றால் ஜாக்கெட் 44க்குக் குறையக் கூடாது என்பது என் கணக்கு. உள்ளே ஸ்வெட்டர் போடுவோம். ஃபரின் தடிமனும் உள்பக்கமாகக் கொஞ்சம் இடத்தைத் தின்னும்.

தையலுக்கு எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். அமெரிக்கப் பேட்டர்ன்களில் வழக்கமாக 5/8 இன்ச், அதாவது 1.5 செ.மீ. சேர்த்தே வரைந்திருப்பார்கள். புர்டா என்ற தையல் பத்திரிகையில் வரும் பேட்டர்ன்களில் தையலுக்கான துணி சேர்ந்திருக்காது, நாம்தான் சேர்க்க வேண்டும். இந்தத் தகவல் ஃபரில் இரண்டு மடங்கு முக்கியம், ஏனென்றால் அந்த 1.5 செ.மீ.யை நாம் வேண்டுமென்றே குறைக்கப் போகிறோம்.

துணிக்கு வருவோம். இங்கே ஃபேப்ரிக்லேண்டிலும், குவீன் ஸ்ட்ரீட் மேற்கில் ஸ்பதைனா பக்கம் இருக்கும் துணிக்கடைகளிலும் ஃபர் கிடைக்கும். ஹாலோவீன் சமயத்தில் வேஷத்துக்காக வந்து குவியும் ஃபர் மலிவுதான், ஆனால் நிறைய ரகங்களில் முடி அடர்த்தி இருக்காது. சோதிக்க ஒரே வழி, முடியை இரண்டு கையாலும் வகிடு எடுப்பதுபோல் பிரித்துப் பாருங்கள். அடித்துணி வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தால் தையல் வரும் இடமெல்லாம் வழுக்கை தெரியும். அப்புறம், ஒரு கொத்து முடியைப் பிடித்து லேசாக இழுங்கள். விரலோடு வந்தால் வேண்டாம். அடித்துணியைக் குறுக்கே இழுத்தும் பாருங்கள். பெரும்பாலான ஃபருக்கு அடியில் இருப்பது பின்னல் துணி, கொஞ்சம் இழுபடும். ரப்பர் மாதிரி இழுபட்டால் தைத்த பிறகு தொங்கிப்போகும்.

முதல் ஜாக்கெட்டுக்கு முடி 1 முதல் 2 செ.மீ. நீளம் இருந்தால் போதும். 5 செ.மீ. முடி பார்க்க ஆடம்பரம், குள்ளமான உடம்புக்குப் போட்டால் ஆளே மறைந்துவிடுவார். துணி அகலம் வழக்கமாக 150 செ.மீ. இருக்கும். உறையில் எத்தனை மீட்டர் என்று இரண்டு வரிசை போட்டிருப்பார்கள். முடி வாக்கு, அதாவது முடி ஒரே திசையில் படியும் தன்மை, உள்ள துணிக்கான வரிசையைத்தான் எடுக்க வேண்டும், அது கொஞ்சம் கூடுதலாக இருக்கும். இடுப்பைத் தாண்டும் முழுக்கை ஜாக்கெட்டுக்கு எனக்கு இரண்டரை மீட்டர் ஆனது. லைனிங்கும் கிட்டத்தட்ட அதே அளவு.

வெட்டுவதற்கு முன் ஒரு ஒத்திகை அவசியம். பருத்தித் துணியில் தைத்துப் பார்த்தால் பயனில்லை, அது மெலிசு. பழைய ஃபிளீஸ் போர்வை ஒன்றை வெட்டி, ஓட்டுத் தையலில் கோத்துப் போட்டுப் பாருங்கள். கையைத் தூக்கச் சொல்லுங்கள், பஸ் கம்பியைப் பிடிப்பதுபோல். முதுகில் இழுத்தால் அங்கே சேர்க்க வேண்டியதைப் பேட்டர்னிலேயே சேர்த்துவிடுங்கள். ஃபரில் பிரித்துத் தைப்பது நரகம். நூல் முடிக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

பேட்டர்ன் தாளை நேராகத் துணிமேல் வைக்காமல் கெட்டித் தாளில் நகல் எடுங்கள். முதுகுத் துண்டு பாதிதான் கொடுத்திருப்பார்கள், மடிப்பில் வைத்து வெட்டச் சொல்லி. ஃபரை மடித்து வெட்டவே கூடாது. அதனால் முதுகை முழுத் துண்டாக வரைந்துகொள்ளுங்கள். கை, முன்பக்கம் இரண்டுக்கும் இடது, வலது தனித்தனியாக. ஒரே தாளைத் திருப்பிப் போட மறந்தால் இரண்டு இடது கை வந்து நிற்கும். நகல் எடுக்கும்போதே ஃபரும் ஃபரும் சேரும் ஓரங்களில் தையல் துணியை 1.5 செ.மீ.யிலிருந்து 6 மி.மீ. ஆக்கிவிடுங்கள். தோள், பக்கவாட்டு, கையின் அடித்தையல், கைக்குழி எல்லாம் அப்படித்தான். லைனிங்கோ, ஓரத்தை உள்பக்கம் மூடும் பட்டியோ வந்து சேரும் ஓரங்களில், அதாவது கழுத்திலும் முன் ஓரத்திலும், 1.5 செ.மீ. அப்படியே இருக்கட்டும்.

இனி வெட்டு. ஃபரை முடி கீழே இருக்கும்படி, ஒற்றையாக, தரையில் விரியுங்கள். கையால் தடவினால் எந்தப் பக்கம் வழுவழுவென்று படிகிறதோ அதுதான் முடி வாக்கு. பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் அந்தத் திசையில் பெரிய அம்புக்குறி நாலைந்து போடுங்கள். எல்லாத் துண்டிலும் முடி மேலிருந்து கீழே ஓட வேண்டும். காலரில் மட்டும் யோசிக்க வேண்டும். மடிந்து விழுகிற காலர் என்றால் வெளியே தெரிகிற துண்டில் முடி கழுத்து ஓரத்திலிருந்து வெளி ஓரத்தை நோக்கி ஓட வேண்டும். தட்டையாக வைத்துப் பார்க்கும்போது தலைகீழாக வைத்த மாதிரி தெரியும். மடித்தால் சரியாக இருக்கும். சந்தேகமாக இருந்தால் தாளையே கழுத்தில் சுற்றி மடித்துப் பாருங்கள்.

குண்டூசிக்குப் பதில் பேட்டர்ன்மேல் கனம் வையுங்கள். எனக்குத் துவரம்பருப்பு டப்பாவும் உளுந்து டப்பாவும்தான் கனம். சுற்றிப் பேனாவால் வரைந்துவிட்டு டப்பாக்களை எடுத்துவிடுங்கள். பொருத்தக் குறிகளைக் கத்தரியால் வெட்டாமல் பேனாவால் மட்டும் குறியுங்கள்.

வெட்டும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பெரிய கத்தரியைத் திறந்து புடவை வெட்டுவதுபோல் ஒரே இழுப்பில் போனால், அடித்துணியோடு முடியும் வெட்டுப்பட்டுவிடும். அப்புறம் தைத்த இடம் முழுக்க மொட்டையடித்த கோடாகத் தெரியும், எந்தச் சீப்பாலும் அதைச் சரிசெய்ய முடியாது. வெட்ட வேண்டியது அடித்துணி மட்டுமே. இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, சின்னக் கத்தரியின் நுனியை மட்டும் அடித்துணிக்கும் முடிக்கும் நடுவில் நுழைத்து, துணியை ஒட்டியே தள்ளிக்கொண்டு, குட்டிக் குட்டியாக வெட்டுவது. இன்னொன்று, அட்டைப்பெட்டி அறுக்கும் கத்தியில் புது பிளேடு போட்டு, பின்பக்கத்திலிருந்து லேசாகக் கீறுவது. கீறும்போது இடது கையால் துணியைத் தரையிலிருந்து தூக்கிப் பிடிக்க வேண்டும். தரையில் அழுந்தினால் பிளேடு முடியையும் அறுக்கும். நான் நேர்க்கோட்டுக்கு பிளேடு, வளைவுக்குக் கத்தரி. வெட்டி முடித்ததும் இரண்டு பக்கத்தையும் மெதுவாகப் பிரித்தால் முடி முழு நீளத்தில், பின்னலை அவிழ்ப்பதுபோல் ஒன்றிலிருந்து ஒன்று விலகி வரும். அப்படி வந்தால் சரியாக வெட்டியிருக்கிறீர்கள்.

எவ்வளவு ஜாக்கிரதையாக வெட்டினாலும் அறுந்த முடி பறக்கும். மாஸ்க் போடுங்கள். சமையலறைப் பக்கமே போகாதீர்கள். ஒரு வாரம் கழித்துக் குழம்பில் வரும். ஒவ்வொரு துண்டை வெட்டியதும் அதன் ஓரங்களை வேக்யூம் கிளீனரால் உறிஞ்சிவிட வேண்டும். எல்லாம் வெட்டி முடிந்த பிறகு துண்டுகளை டிரையரில் போட்டு, சூடே இல்லாமல் காற்று மட்டும் வரும்படி பத்து நிமிடம் ஓடவிட்டால் மிச்சம் இருக்கும் உதிரி முடி வடிகட்டியில் வந்து சேரும். நடுவில் ஒரு தடவை நிறுத்தி வடிகட்டியைக் காலி செய்யுங்கள். சூடு வைத்தால் போச்சு. இந்த முடி பெரும்பாலும் அக்ரிலிக் அல்லது பாலியஸ்டர். சூடு பட்டால் நுனி சுருண்டு கருகிய மாதிரி ஆகிவிடும். பிளாஸ்டிக் என்பதால் கூட்டி அள்ளியதைத் தண்ணீரில் விடாமல் குப்பையில் போடுங்கள்.

இதே காரணத்தால் இஸ்திரிப் பெட்டிக்கும் இந்த ஜாக்கெட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. சூட்டில் ஒட்டும் கேன்வாஸும் கூடாது. முன் ஓரத்துக்கு விறைப்பு வேண்டுமானால் தைத்து வைக்கும் கேன்வாஸ் வாங்கி, அடித்துணியோடு கையால் பிடித்துவிடுங்கள்.

மெஷினில் 90/14 அல்லது 100/16 ஊசி. அடித்துணி பின்னல் என்றால் உருண்டை முனை ஊசி. நூல் பாலியஸ்டர். ஜிக்ஜாக் வைத்து அகலம் 4 முதல் 5 மி.மீ., நீளம் 3. மேல்நூல் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள்; மெஷினில் துணியை அமுக்கிப் பிடிக்கும் ஃபுட்டின் அழுத்தத்தைக் குறைக்க முடிந்தால் அதையும் குறையுங்கள். மேல் துணியையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது, இல்லையென்றாலும் தைக்கலாம். வெட்டியதுபோக மிஞ்சிய துண்டுகளில் நாலைந்து தையல் போட்டுப் பார்க்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

இரண்டு துண்டையும் முடிப்பக்கம் உள்ளே இருக்கும்படி சேர்த்து, ஓரத்தில் எட்டிப்பார்க்கும் முடியை எல்லாம் ஸ்வெட்டர் பின்னும் மழுங்கின ஊசி ஒன்றால் உள்ளே தள்ளுங்கள். தள்ளிய இடத்தில் உடனே ஒரு கிளிப். குண்டூசி முடிக்குள் தொலைந்துபோகும். தொலைந்த ஊசி கழுத்தில் குத்தும்போதுதான் கிடைக்கும். நான் கிளிப்போடு நிறுத்துவதில்லை. ஓரத்தைச் சுற்றிச் சுற்றி வரும் கைத்தையல் ஒன்றை நீள நீளமாக ஓட்டிவிட்டு, கிளிப்பை எடுத்துவிடுவேன். நேரம் பிடிக்கும்தான், ஆனால் அதற்கப்புறம் மெஷினில் துணி வழுக்குவதில்லை, முடியும் வெளியே வருவதில்லை.

தைக்கும்போது முடி வாக்கிலேயே, மேலிருந்து கீழே போங்கள். ஜிக்ஜாக்கின் வலது குத்து ஓரத்துக்குச் சற்று வெளியே விழ வேண்டும், இடது குத்து துணிக்குள். தோல் ஃபர் தைப்பவர்கள் செய்வதும் இதே சங்கதிதான்: ஓரத்தோடு ஓரம் வைத்து, மேலே சுற்றித் தைப்பது. அவர்களுக்கு அதற்கென்று தனி மெஷின், நமக்கு ஜிக்ஜாக். இப்படித் தைத்த இரண்டு துண்டையும் விரித்துத் தட்டையாக்கினால் உள்ளே தடிமனே இருக்காது. மேலே ஒரு சப்பாத்திக் கட்டையை உருட்டினால் இன்னும் படியும்.

இனி முடியை வெளியே எடுக்க வேண்டும். நல்ல பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் தையல் ஓடிய இடம் பள்ளமாகத் தெரியும், ஏனென்றால் முடி பாதி தையலுக்குள் மாட்டியிருக்கும். ஒரு கெட்டி ஊசியின் நுனியைத் தையலை ஒட்டி நுழைத்து, முடியைக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி வெளியே இழுங்கள். ஒரு சாண் தூரம் இழுத்ததும் நாய்க்கு வாரும் கம்பி பிரஷ்ஷால் ஒரு வாரு. பள்ளம் இருந்த இடமே தெரியாது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து, “அம்மா, தையல் எங்கே?” என்று துணியைத் திருப்பித் திருப்பித் தேடினாள். இந்த வேலையை மட்டும் டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம்.

தோள் தையலும் பின்கழுத்தும் இழுபடும் இடங்கள். ஜாக்கெட்டின் கனம் முழுதும் அங்கேதான் தொங்கும். அங்கே மட்டும் தையலோடு சேர்த்து ஒரு நாடா கொடுங்கள். ஊரிலிருந்து வந்த பருத்திப் பாவாடை நாடா இதற்கு அருமையாக உட்காருகிறது. முதலில் நனைத்துக் காயவைத்துவிடுங்கள், இல்லையென்றால் பின்னால் சுருங்கும்.

முன் ஓரத்துக்கு உள்பட்டி வேண்டும். பேட்டர்னில் ஓரம் நேராக இருந்தால், முன்துண்டையும் பட்டியையும் சேர்த்து ஒரே துண்டாக வெட்டி உள்ளே மடித்துவிடலாம். ஓரத்தில் தையலே வராது. வளைந்த ஓரம் என்றால் பட்டியை ஃபரில் வெட்டாதீர்கள். ஸ்வேட் மாதிரித் துணியோ மெல்லிய கம்பளியோ எடுத்து, அதே நிறத்தில் பட்டி வையுங்கள். தைத்த பிறகு ஃபர் பக்கத்துத் தையல் துணியில் இருக்கும் முடியை, நல்ல பக்கம் வெட்டுப்படாமல், கத்தரியால் ஒட்ட நறுக்கிவிடுங்கள். தாடி டிரிம்மர் இருந்தால் இன்னும் வேகம். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு எடுப்பது நல்லது.

பாக்கெட்டைப் பக்கவாட்டுத் தையலிலேயே வைத்துவிடலாம், பையை ஃபிளீஸில் வெட்டினால் கைக்குக் கதகதப்பு. கையைப் பொருத்துவதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. தோள் இறங்கிய மாடல் என்றால் பக்கவாட்டைத் தைப்பதற்கு முன்பே தட்டையாக வைத்துப் பொருத்திவிடுங்கள்.

காஜா எடுக்கலாமா என்று கேட்பார்கள். கூடாது. மெஷின் முடியை மென்று தின்றுவிடும். ஃபர் கோட்டுக்கென்றே நூல் சுற்றிய பெரிய கொக்கியும் வளையமும் கிடைக்கும், ரவிக்கைக் கொக்கியின் பெரியப்பா மாதிரி. அதை நான்கு வைத்தால் வெளியே எதுவும் தெரியாது. இல்லையென்றால் பெரிய பிரஸ் பட்டன். எதைத் தைத்தாலும் அடித்துணியில் மட்டும் தைக்காமல், உள்ளே ஒரு சின்னத் துண்டு கேன்வாஸ் கொடுத்துத் தையுங்கள்.

ஜாக்கெட் பார்க்கக் கம்பளியாக இருந்தாலும் பின்னல் அடித்துணி வழியாகக் காற்று நுழையும். ஏரிக் காற்று அடிக்கும் இந்த ஊரில் இது பெரிய குறை. அதனால் லைனிங்குக்கும் ஃபருக்கும் நடுவில் நெருக்கமாக நெய்த பருத்தித் துணி ஒரு அடுக்கு கொடுத்தேன். லைனிங் துண்டுகளோடு சேர்த்து ஓரத்தில் ஓட்டிவிட்டு, இரண்டையும் ஒரே துணியாகப் பாவித்துத் தைத்தால் போதும். கைக்கு மட்டும் அது வேண்டாம், மடங்காது. லைனிங் வழுக்கும் சாட்டினாக இருக்கட்டும், ஸ்வெட்டர் கை தடையில்லாமல் நுழையும். லைனிங்கின் முதுகு நடுவில் 2.5 செ.மீ. மடிப்பு ஒன்று கட்டாயம் விடுங்கள். அது இல்லாவிட்டால் முன்னால் குனியும்போது லைனிங் அக்குளில் கிழியும்.

கீழ் ஓரம் மடிப்பதற்கு முன் ஜாக்கெட்டை அகலமான ஹேங்கரில் ஒரு நாள் தொங்கவிடுங்கள், இறங்குவது இறங்கட்டும். அப்புறம் ஓரத்தைச் சமப்படுத்தி, 4 செ.மீ. உள்ளே மடித்து, அடித்துணியை மட்டும் பிடிக்கும் குறுக்குத் தையலில் ஹெம்மிங் செய்யுங்கள். மடிப்பு ஓரத்தில் முடியைக் கொஞ்சம் நறுக்கிவிட்டால் தடிப்பாகத் தெரியாது. லைனிங்கின் கீழ் ஓரத்தைக் கையாலேயே மூடுங்கள், ஒரு செ.மீ. தொளதொளப்பாக.

துவைக்கும் முறை துணிச்சுருளின் முனையில் எழுதியிருக்கும். வாங்கும்போதே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மழையோ பனியோ பட்டு நனைந்தால் ஹீட்டர் பக்கத்தில் காயப் போடாதீர்கள். உதறி, ஹேங்கரில் மாட்டி, முக்கால்வாசி காய்ந்ததும் அதே கம்பி பிரஷ்ஷால் முடி வாக்கில் வாரிவிடுங்கள். கோடையில் சூட்கேசில் அமுக்கி வைத்தால் முடி படிந்தே போய்விடும். பழைய பருத்திப் புடவையைச் சுற்றி அலமாரியில் தொங்கவிடுவது நல்லது. மிச்சத் துண்டுகளில் பெரியதாக ஒன்று இருந்தால் எறியாதீர்கள், முழங்கை தேய்ந்தால் ஒட்டுப்போட அதே நிறம் பின்னால் கிடைக்காது.